மாவுக்கட்டு பிரித்த பிறகு தொடை மெலிவது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது, எடை 58 கிலோ. களியக்காவிளை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். சரிவில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தொடைவரை 7 வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடிவிட்டது, ஊன்றி நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தொடை மெலிந்து, நடக்கும்போது முழங்கால் மடங்குகிறது. புரோட்டீன் பவுடர் கொடுத்தால் சதை வருமா?

பதில்: பவுடர் மட்டும் கொடுத்தால் வராது. சதைக்கு இரண்டு செய்திகள் சேர்ந்து போக வேண்டும்: ஒன்று இழுவிசை, மற்றது உணவு.

தசை செல்லுக்குள் ‘எம்டார்’ என்ற புரதம்தான் புதுச் சதை கட்டும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. பாரம் தூக்கும்போது வரும் இழுவிசை, சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், உணவிலுள்ள லூசின் என்ற அமினோ அமிலம் ஆகிய மூன்றும் அதை எழுப்பும். இன்சுலினின் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ‘ஆக்ட்’ என்ற புரதம் இன்னொரு வேலையும் செய்கிறது: சதையைக் கரைக்கும் மரபணுக்களை இயக்கும் ‘ஃபாக்ஸோ’ என்ற புரதத்தை உட்கருவுக்குள் நுழைய விடாது. ஆக்ட் தளர்ந்தால் ஃபாக்ஸோ உள்ளே போய்விடும். தசைப் புரதங்களில் ‘யுபிக்விட்டின்’ என்ற சிறு புரதம் முத்திரைபோல ஒட்டும். முத்திரை விழுந்தவை துண்டாக்கப்படும். கடும் காய்ச்சல், புற்றுநோய், ஸ்டீராய்டு மாத்திரை இவற்றில் சதை உருகுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். வலிக்கென்று பெயர் தெரியாத மாத்திரை எதையும் அப்பா விழுங்கவில்லையே என்று பாருங்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

மாவுக்கட்டில் நடப்பது சற்று வேறு. அங்கே உடைப்பதைவிட, கட்டுவது குறைவதே பெரிய இழப்பு. முதல் இரண்டு வாரத்தில் தொடைச்சதை நாளுக்கு ஏறக்குறைய அரை சதவீதம் குறையும். அசையாத தசை உணவின் செய்தியையும் சரியாகக் கேட்காது. வயது கூடினால் இன்னும் மந்தம். உடற்பயிற்சி செய்த தசையோ, அடுத்த 24 மணி நேரமும் உணவுக்கு நன்றாக மசியும். அதனால் பயிற்சிதான் முதலில்.

காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து 5 விநாடி அழுத்தச் சொல்லுங்கள். 10 தடவை, நாளுக்கு 3 வேளை. முழங்கால் தொய்யாமல் காலை நேராகத் தூக்க முடிந்ததும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி: 8 முதல் 10 தடவை, 3 சுற்று. பலரும் நல்ல காலிலேயே பாரத்தைப் போட்டு எழுந்துவிடுவார்கள், பலன் இருக்காது. நல்ல காலைச் சற்று முன்னால் தள்ளி வைத்தால் மெலிந்த கால் வேலை செய்தே தீரும். முழங்கால் வீங்கியிருந்தால் நரம்பே தொடைச்சதையைத் தடுத்துவிடும். முதலில் வீக்கத்தைக் காட்டுங்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பாவுக்கு நாளுக்கு 70 முதல் 85 கிராம் புரதம் வேண்டும், வேளைக்கு சுமார் 25 கிராமாகப் பிரித்து. 100 கிராம் மரச்சீனியில் ஒன்றரை கிராம்கூட இல்லை. அதே அளவு சாளை மீனில் 20 கிராம். காலையில் கஞ்சியோடு 50 கிராம் சிறுபயறும் 2 முட்டையும் சேர்த்தால் அந்த வேளைக் கணக்கு சரியாகிவிடும். மீனும் முட்டையும் சாப்பிடுகிற வீட்டில் பவுடருக்குச் செலவழிப்பது எனக்குத் தேவையாகப் படவில்லை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், புரதத்தைக் கூட்டுமுன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

முழங்கால் சில்லுக்கு 10 செ.மீ. மேலே, இரண்டு வாரத்துக்கொரு தடவை தொடையை அளந்து எழுதி வையுங்கள். முதல் சில வாரம் அளவு அசையாது. நரம்பு தசையை மறுபடி ஆளப் பழகுவதால் பலம்தான் முதலில் திரும்பும். படி இறங்கும்போது முழங்கால் நடுங்காத வரை சரிவுத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டாம்.