துணி துவைக்கும் திரவத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், பூந்திக்கொட்டை போதும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நுரை தருவது தோலில் உள்ள சப்போனின் என்ற இயற்கைப் பொருள்தான். அதனால் உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள். 15 கொட்டைகளின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். பொங்கி வழியும், பெரிய பாத்திரமாகப் பாருங்கள். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டினால் பழுப்பு நிறச் சாறு ரெடி.

பட்டுக்கும் கம்பளிக்கும் இது அருமை. காலர் அழுக்கு, எண்ணெய்க் கறைக்கெல்லாம் போதாது. அங்கே சலவைக் கட்டிதான். சோப்பைத் துருவிச் சலவை சோடாவோடு கலக்கும் பொடியை நான் பரிந்துரைக்கமாட்டேன். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து துணியில் படியும். பூந்திக்கொட்டையில் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், சாற்றை வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும்.