சாவி தொலைந்தால் என்ன, பூட்டு இருக்கிறதே

கேள்வி: ஐயா, நாங்கள் வடசென்னை எர்ணாவூரில் இருக்கிறோம். தாத்தா ஓட்டிய 1979 மாடல் புல்லட் பல வருஷமாக வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது. இப்போது பழையபடி ஓட வைக்கலாம் என்று எடுத்தால், ஒரு சாவிகூட இல்லை. இக்னிஷன், ஹேண்டில் லாக், டேங்க் மூடி, டூல் பாக்ஸ் என்று நான்கு பூட்டுகள். ஹேண்டில் இடப்பக்கம் திரும்பி லாக் ஆகிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுப் புது செட் மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு தம்பி. உடைக்கிற வேலை கடைசி வேலை. அதை முதலில் செய்யச் சொல்கிறவருக்கு அவசரம், அவ்வளவுதான்.

சாவிக்கான அளவு முழுக்கப் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிப் பூட்டுகள் பெரும்பாலும் தகட்டுப் பூட்டுகள். உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவியை நுழைத்தால் எல்லாத் தகடும் உருளையின் மட்டத்துக்கு அடங்கும், உருளை சுற்றும். ஒரே ஒரு தகடு நீட்டிக்கொண்டு நின்றாலும் சுற்றாது. ஆக, உருளை கையில் கிடைத்தால் சாவி கிடைத்த மாதிரிதான். வெட்டாத வெற்றுச் சாவியை உள்ளே விட்டு, எந்தத் தகடு எவ்வளவு நீட்டுகிறது என்று பார்த்து, அந்தந்த இடத்தில் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்து சாவி போடுகிறவர்களில் கை தேர்ந்தவருக்கு இது பெரிய வேலையே இல்லை.

அதற்கு முன்னால் இரண்டு காரியம். ஒன்று, வீட்டை ஒருமுறை சலித்துத் தேடுங்கள். சாமி அலமாரி, டிரங்குப் பெட்டி, பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு. நாலு பூட்டுக்கும் ஒரே சாவி என்று நினைத்துத் தேடாதீர்கள். டேங்க் மூடிக்குப் பூட்டு பின்னாளில் தனியாக வாங்கி மாட்டியதாக இருக்கலாம்; டூல் பாக்ஸ் சாவி பீரோ சாவி மாதிரிகூட இருக்கும். எந்தச் சாவி கிடைத்தாலும் போட்டுப் பாருங்கள், ஆனால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். உள்ளே சாவி முறிந்தால் வேலை இரட்டிப்பு.

இரண்டு, ஆர்.சி. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி போடுகிறவர் நல்லவராக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார். கேட்காதவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். பூட்டுக்குச் செலவு செய்த பிறகு நம்பர் இடிப்பது தெரிந்தால் கஷ்டம். தாத்தா காலமாகியிருந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25.

சரி, பூட்டுக்கு வருவோம். உங்கள் நான்கு பூட்டுகளில் உண்மையான தலைவலி ஹேண்டில் லாக் மட்டும்தான். வெள்ளத் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்காது. ஆனால் எர்ணாவூரில் கடல் காற்று இருக்கிறதே, அது போதும். உள்ளே துருவும் உப்பும் இறுகி, தகடுகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அசையாத தகட்டை வைத்து எந்தக் கைதேர்ந்தவராலும் சாவி போட முடியாது. அதனால் முதல் வேலை ஊற வைப்பது. துரு விடுவிக்கும் ஸ்பிரே ஒரு டப்பா வாங்கி, காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் சாவித் துளைக்குள் அடியுங்கள். மெல்லிய கம்பியால் தகடுகளை ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். அழுத்தினால் இறங்கி, விட்டால் எழும்ப வேண்டும். மூன்று நாளோ ஒரு வாரமோ ஆகட்டும். தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கம் எந்தப் பூட்டு இறுகினாலும் முதலில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் தேடுவார்கள். அன்றைக்குத் திறந்துவிடும், அப்புறம் அதில் தூசி ஒட்டிப் பசையாகி நிரந்தரமாக இறுகும்.

தகடுகள் அசைய ஆரம்பித்ததும் சாவி போடுகிறவரை வீட்டுக்கே கூப்பிடுங்கள். ஹேண்டில் பூட்டிய நிலையில் உருளையைக் கழற்ற வழியில்லை என்பதால் அவர் வேறு முறையில் செய்வார். வெற்றுச் சாவியின் விளிம்பை மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கி, உள்ளே விட்டு இலேசாக இரண்டு பக்கமும் திருப்புவார். தகடு இடிக்கும் இடத்தில் கரி போய்ப் பளபளவென்று ஒரு கோடு விழும். அங்கே ஒரு ராவு. மறுபடி புகை, மறுபடி ஒரு ராவு. பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு ராவு அதிகமானால் அந்தச் சாவி குப்பைக்குத்தான்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து அடித்தால் ஹேண்டில் லாக் ஒரு நிமிஷத்தில் திறக்கும்தான். ஆனால் அந்தப் பூட்டு உட்கார்ந்திருப்பது வண்டியின் கழுத்தில். அடித்த வேகத்தில் அந்த உலோகம் விரிசல் விட்டால் பூட்டை மாற்றித் தப்பிக்க முடியாது. எதுவுமே நடக்கவில்லை என்றால் உருளையை மட்டும் ட்ரில் போட்டு எடுக்கலாம், அதுவும் கைப்பழக்கம் உள்ளவரிடம். அதுவரை வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால் குட்டி யானையில் முன் சக்கரத்தைத் தூக்கி ஏற்றுங்கள். தள்ளிக்கொண்டு போகலாம் என்று முயலாதீர்கள்.

டேங்க் மூடி விஷயத்தில் நான் கொஞ்சம் பயமுறுத்தத்தான் போகிறேன். பெட்ரோல் வற்றிப்போன காலி டேங்க் ஆபத்து இல்லை என்று நினைப்பார்கள். நேர் எதிர். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட, ஆவி நிறைந்த காலி டேங்க்தான் பொறி பட்டால் வெடிக்கும். மூடியில் ட்ரில் போடவேண்டிய நிலை வந்தால், டேங்கைக் கழற்றி, மிச்சப் பெட்ரோலை வடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, குழாயைக் கழற்றிய துளை வழியாகத் தண்ணீர் முழுக்க நிரப்புங்கள். துளைக்குத் தக்கை அடித்து நிமிர்த்திவிட்டு, மின்சார ட்ரில் வேண்டாம், கையால் சுற்றும் ட்ரில்லில் செய்யுங்கள். உள்ளே துருப் பிடிக்குமே என்றால், இத்தனை வருஷத்தில் ஏற்கெனவே பிடித்திருக்கும். எப்படியும் சுத்தம் செய்யத்தான் போகிறீர்கள்.

டூல் பாக்ஸ் பூட்டு எளிது. முதலில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். மற்ற சாவிகள் அதற்குள்ளேயே இருந்த கதையை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

இக்னிஷன் சுவிட்ச் ஹெட்லைட் டூமின் மேல் இருப்பது. ஒயர்களைப் பிடுங்கும் முன் எந்த நிறம் எந்த முனையில் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை வெளியே எடுத்ததும் முகத்திலும் உடம்பிலும் எண் பொறித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். சில பூட்டுகளில் அது சாவியின் எண். இருந்தால், புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் விற்கும் கடைகளில் கொத்தாகத் தொங்கும் சாவிகளில் அதே எண்ணைத் தேடலாம். அதிர்ஷ்டம் இருந்தால் அரமே தேவைப்படாது. (பழைய ஜாவா பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆணி மாதிரி குத்துகிற அந்த இக்னிஷன் சாவி ஒரு வண்டியுடையது இன்னொரு வண்டிக்கும் சேரும்.)

புது சுவிட்ச் மலிவாகக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் உங்கள் வண்டி 6 வோல்ட். அதே வாட் பல்பு எரிய 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு கரண்ட் சுவிட்ச் வழியாகப் போகவேண்டும். உள்ளே தொடும் முனைகள் மட்டமாக இருந்தால் ஹெட்லைட் மங்கும், பொறி உண்டாக்கும் காயிலுக்குப் போகும் வோல்டேஜும் குறையும். பழைய சுவிட்சின் முனைகளை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்துவிட்டு, குழிவிழுந்து தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றினாலும் பழையதை எறியாதீர்கள், 1979-இன் முகம் அதுதான்.

சாவி வந்ததும் எண்ணெய் வேண்டாம். பென்சில் முனையைச் சாவியின் மேல் தேய்த்து நாலு தடவை உள்ளே விட்டு எடுங்கள், போதும். அன்றைக்கே ஒவ்வொன்றுக்கும் இரண்டு டூப்ளிகேட் போடுங்கள். ராவிய அந்த முதல் சாவியை வைத்துத்தான் போடவேண்டும்; டூப்ளிகேட்டுக்கு டூப்ளிகேட் போட்டால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். முதல் சாவியை வண்டியில் மாட்டாமல் ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். ஓட்டுகிற சாவியில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, முருகன் டாலர் எல்லாம் கோக்காதீர்கள். புல்லட்டின் அதிர்வில் அந்தக் கொத்து ஆடி ஆடித்தான் இக்னிஷன் உருளையின் வாய் அகலமாகிறது.