தாமானில் ஏன் தண்ணீர் நிற்கிறது? காப்பார் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சிலாங்கூரில், காப்பார் பக்கத்துக் கடலோரச் செம்பனை நிலத்தில் எழும்பிய தாமான்களின் (வீடமைப்புப் பகுதிகளின்) வெள்ளம் பற்றி வந்த கேள்விகள் இவை. கழிவுநீர்க் குழாய், காப்புறுதி பற்றிக் கேட்டவர்கள் அந்தந்த நிறுவனத்திடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்தது மழைநீர்தான்.

முன்வரிசை வீட்டுக்காரர்: வீட்டு முன்னால் உள்ள கால்வாயை இன்னும் ஓரடி தோண்டினால் தண்ணீர் வேகமாகப் போகுமா?

தண்ணீர் போகும் பக்கம் ரோட்டைக் கடக்கும் குழாயின் அடிமட்டம் (உள்ளடி இருக்கும் உயரம்) தோண்டிய கால்வாயின் அடியைவிட உயரமாக இருந்தால் ஒரு சொட்டுகூட அதிகம் போகாது. தோண்டிய ஓரடியும் குட்டையாகிக் கொசுதான் வளரும். முதலில் அடிமட்டத்தை அளந்து பாருங்கள். தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஒன்றில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு இடத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். டியூப்பில் தண்ணீர் நிற்கும் கோட்டிலிருந்து கால்வாய் அடிவரை இரு பக்கமும் அளந்தால் சரிவு தெரிந்துவிடும். இந்தத் தாழ்நிலத்தில் 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கிடைத்தாலே பெரிது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

கடைக்காரர்: ரோட்டைக் கடக்க 900 மில்லிமீட்டர் விட்டக் குழாய் விலை அதிகம் அண்ணே. இரண்டு 600 போட்டால் போதாதா?

போதாது. சரிவு ஒன்றே என்றால் ஒரு 900 குழாய், கிட்டத்தட்ட மூன்று 600 குழாய் அளவுக்குத் தண்ணீர் கடத்தும். சின்ன வாயில் வாழைமட்டையும் மெத்தையும் சிக்குவது வேறு. இன்னொன்று: குழாயில் பாதி உயரம் மண் படிந்தால் பாதித் தண்ணீர் போகும் என்று நினைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். புதுக் குழாய் கேட்பதற்கு முன் இருக்கும் குழாயைக் கழுவச் சொல்லுங்கள்.

செல்வி: கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்தால் வெள்ளம் குறையுமா?

130 சதுர மீட்டர் கூரைக்கு, 200 லிட்டர் டிரம் ஒன்றரை மில்லிமீட்டர் மழையிலேயே நிரம்பிவிடும். செடிக்கு ஊற்றுங்கள்மா.

லயத்துத் தம்பி: கால்வாயை ஆழப்படுத்தச் சொல்லி மனு கொடுக்கலாமா?

முதல் பதிலைப் படிங்க தம்பி. அடிமட்டம்.

ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கண்காணி): தோட்டமா இருந்தப்ப வெறும் மண் கால்வாய்தான். ராத்திரி நின்ன தண்ணி மறுநாள் வடிஞ்சிடும். காங்கிரீட் போட்ட பிறகுதான் இந்தக் கூத்து. பழையபடி மண் கால்வாயே வெட்டினா என்ன?

பாதி சரி ஐயா. செம்பனை ஒருநாள் தண்ணீரில் நின்றாலும் தாங்கும், சோபா தாங்காது. தோட்டக் கால்வாய் மரத்துக்காக வெட்டியது, வீட்டுக்காக அல்ல.

உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் கொள்ளளவில்தான். கடல் ஏறும்போது, கால்வாய் கடலில் சேரும் இடத்து மதகு மூடிக்கொள்ளும். அந்த நாலைந்து மணி நேரம் கால்வாய் ஓடும் வழி அல்ல, தொட்டி. மேலே 2 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர் என்றிருந்த பழைய கால்வாய் ஒரு கிலோமீட்டருக்கு 1,800 கனமீட்டர் பிடிக்கும். அதே இடத்தில் 0.9க்கு 0.9 காங்கிரீட் பெட்டி 810தான் பிடிக்கும். இனி மழையைப் பாருங்கள். 10 ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் மொத்தம் 5,000 கனமீட்டர். செம்பனை நிலத்தில் நாற்பது விழுக்காடு வழியும் என்று வைத்தால் 2,000. கூரையும் தாரும் ஆன பிறகு தொண்ணூறு விழுக்காடு, 4,500. வரவு இரட்டிப்பைத் தாண்டியது, தொட்டி பாதியானது.

மண்டோர்: அப்ப காங்கிரீட் போட்டது தப்புன்னு ஒத்துக்கிறீங்க!

காங்கிரீட் தப்பில்லை, ஒடுக்கியதுதான் தப்பு. அடியில் சின்னக் காங்கிரீட் ஓடை, மேலே அகலமான புல்கரை என்று இரண்டு அடுக்காகக் கட்டலாம்.

இன்னொருவர்: மண்கரை இடிந்து விழாதா?

எக்ஸ்கவேட்டர் மண் வாரும்போது கரையின் அடிக்காலை வெட்டிவிடுகிறது, அதனால்தான் சரிகிறது. 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் அகலம் என்று சரிவு வைத்துப் புல் பதித்தால் நிற்கும். பழைய கால்வாயின் அதே 1 மீட்டர் அடிக்கும் 1.2 மீட்டர் ஆழத்துக்கும் மேல்வாய் கிட்டத்தட்ட 6 மீட்டர் வேண்டும். அப்போது கிலோமீட்டருக்கு 4,000 கனமீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அந்த இடத்தில் ஏற்கெனவே கார் நிறுத்துகிறோம் என்பதுதான் உண்மையான சண்டை.

மண்டோர்: கார் நிறுத்துறவங்ககிட்ட நானே பேசுறேன்.

பேசுங்கள் ஐயா, நல்லது.

கோயில் கமிட்டி: பம்ப் வாங்கினால்?

4,500 கனமீட்டரை 5 மணி நேரத்தில் இறைக்க வினாடிக்கு 250 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இறைக்கும் பெட்ரோல் பம்ப் என்றால் பதினைந்து.

மற்றொருவர்: கால்வாயை ஆழமா...

அடிமட்டம்!

கார் பார்க் கட்டுபவர்: கால்வாயைச் சிலாப் போட்டு மூடலாமா?

மூடினால் மண் தெரியாது. தெரியாத மண்ணை யாரும் வாரமாட்டார்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் கையால் தூக்கக்கூடிய இரும்புச் சல்லடை போடுங்கள். அனுமதி ஊராட்சி மன்றத்திடம்.

மேட்டுப்பக்கத்துக்காரர்: புது வீடமைப்பில் மழைநீரைப் பிடித்து மெதுவாக விடும் நிலத்தடித் தொட்டி இருக்கிறதாம். நம்பலாமா?

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மழைநீர்க் கையேடு 2000இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2012இல். கட்டிய பிறகு வெளியேறும் உச்ச ஓட்டம் முன்பிருந்ததைத் தாண்டக்கூடாது என்பது அதன் அடிப்படை. தொட்டியின் சூட்சுமம் வெளியேறும் துளையில் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் துளை, மேலே 1 மீட்டர் தண்ணீர் நின்றால் வினாடிக்கு 5 லிட்டர் சொச்சம் விடும். துளையில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் தொட்டி காலியாகாது. அடுத்த மழை அப்படியே வழிந்து உங்கள் பக்கம் வரும். மழை நின்ற மறுநாள் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் துளை அடைத்திருக்கிறது.