பூனை, எலி, தவில் – கடிதம்

அன்புள்ள சார்,

என் மகளுக்கு ஆறு வயது. போனில் புது டாம் அண்ட் ஜெர்ரிதான் பார்க்கிறாள். ‘எங்க காலத்துல வந்ததுதான் டாம் அண்ட் ஜெர்ரி’ என்று சொல்லி 1940களில் வந்த படங்களைத் தேடி எடுத்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து தானாகவே ஓடிய ஒரு படத்தில் பூனையும் எலியும் கோணல்மாணலாக இருந்தன. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. குழந்தை பயந்துவிட்டாள். 1961, 62-இல் செக்கோஸ்லோவாகியாவில் எடுத்த குப்பை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். முடிந்துபோன ஒன்றை எதற்காகத் திரும்பத் திரும்பத் தோண்டி எடுக்கிறார்கள்? இத்தனை மறுபிறவிகளில் எதைத்தான் பிள்ளைக்குக் காட்டுவது? அந்த அடிதடி அவள் மனதைக் கெடுக்காதா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

அடிதடிக் கவலையை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். வாணலியால் அடிவாங்கிய பூனையின் முகம் வாணலி வடிவத்துக்குப் போய், அடுத்த நொடியில் திரும்பிவருவதைப் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளையை நான் கண்டதில்லை. கூடத்தில் ஓடும் தொடர்களை அணைத்துவிட்டு இதைப் பற்றிப் பேசுவோம்.

ஆனால் ‘குப்பை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது அந்தச் சொல்! அந்தப் படத்தை யார் எடுத்தார்கள், கையில் என்ன இருந்தது என்று ஒரு நிமிடம் தேடியிருக்கலாம். போன் கையில்தானே இருக்கிறது?

என் மாமா தவில்காரர். கும்பகோணம் பக்கம் பெயர் சொன்னால் தெரிகிற ஒரு நாயனக்காரரோடு இருபது வருடத்துக்கு மேல் வாசித்தவர். 90களின் கடைசியில் அவருக்கு அதிகம் வேலையில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களோடு கார்ட்டூன் பார்ப்பார். பகல் முழுக்க கார்ட்டூன் ஓடும், இரவானால் அதே சேனலில் பழைய ஆங்கிலப் படம் வந்துவிடும். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

மாமா சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் விரல்களைத்தான் பார்ப்பேன். தவிலுக்கான விரலுறையான கூடு போட்டுப் போட்டுக் காய்ப்பேறிய வலக்கை விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் ஓடிக்கொண்டிருக்கும். டாம் துரத்தும்போது இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் இரட்டித்துக்கொண்டே போகும். டாம் சுவரில் மோதி நின்றால் விரலும் நிற்கும். பூனை தன் வீங்கிய கட்டைவிரலைப் பார்க்கும். நம்மைப் பார்க்கும். மறுபடி விரலைப் பார்க்கும். அதன் பிறகுதான் அந்த அலறல். மாமாவின் விரல் சரியாக அந்த இடத்தில் விழும். “எங்க எடுக்கறான் பாருடா! எடுப்பு தெரிஞ்சவன் வேலை இது” என்பார். தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குவது என்பதுதான் எடுப்பு.

யார் அந்த ‘அவன்’ என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அலறல், டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய இருவரில் ஒருவரான வில்லியம் ஹன்னாவின் சொந்தக் குரல். கதையும் சித்திரமும் இன்னொருவரான ஜோசப் பார்பெராவின் பொறுப்பு, காலக்கணக்கு ஹன்னாவின் பொறுப்பு. வினாடிக்கு 24 பிரேம். 12 பிரேமுக்கு ஒரு தாள அடி என்று வைத்தால் வினாடிக்கு இரண்டு அடி. இப்படித் தாளக் கட்டங்களில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு ஸ்காட் பிராட்லி இசையமைப்பார். நாய் வேடம் போட்டுப் பூனை திரிகிற ஒரு 1944ஆம் வருடப் படத்தில் பன்னிரண்டு சுரங்களையும் சரிசமமாக வைக்கிற பன்னிரு சுர முறையைக்கூட நுழைத்திருக்கிறார். கச்சேரி மேடையில் அன்று அதற்குக் கேட்க ஆளில்லை, பூனைக்கும் எலிக்கும் பொருந்திப் போயிற்று! 1940 தொடங்கி 114 படங்கள், 7 ஆஸ்கர். அத்தனையும் அநேகமாக அதே அறை, அதே ஆட்கள். இப்படிச் சேர்ந்தே வாசித்துப் பழகிய குழுவைத்தான் எங்கள் ஊரில் செட் என்று சொல்வார்கள்.

1957-இல், இந்தப் படங்களை எடுத்துவந்த எம்.ஜி.எம். நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. பழைய படங்களைத் தியேட்டருக்குத் திரும்ப அனுப்பினாலே புதுப்படம் போட்டு வருகிற அளவுக்குக் காசு வருகிறது. பின்னே எதற்குப் புதுசு? கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டார்கள். தகவல் தொலைபேசியில் வந்தது. 17 வருட உழைப்புக்கு ஒரு போன்.

இதைப் படித்த அன்று எனக்கு மாமாதான் நினைவுக்கு வந்தார். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கேசட்டில் ஓட ஆரம்பித்த வருடங்கள் அவை. செட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்கு ஐந்நூறு கேசட் வாங்கலாம், கேசட்டுக்குச் சாப்பாடும் போட வேண்டியதில்லை. கேசட்டில் ஓடியதும் யாரோ ஒரு பெரிய வித்வானின் வாசிப்புதான். நல்ல வாசிப்பு. அதுதான் கொடுமையே. நேற்றைய நல்ல வாசிப்பைக் கொண்டே இன்றைக்கு வாசிக்கிறவனை வீட்டுக்கு அனுப்புவது.

நாலு வருடத்தில் அதே எம்.ஜி.எம்.முக்குப் புதுப்படம் வேண்டியிருந்தது. மலிவாக வேண்டியிருந்தது. கழுத்தை நெரித்தவனே கூப்பிட்டுத் திவசம் கொடுத்த கதை. அது போய்ச் சேர்ந்த இடம் பிராக் நகரம், சேர்ந்த ஆள் ஜீன் டைச் என்ற அமெரிக்கர். வேறொரு குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர்தான், ஆனால் டாம் அண்ட் ஜெர்ரி அவருக்குப் பிடிக்காது. அவருடைய செக் ஓவியர்களுக்கு அந்தப் பூனையும் எலியும் புதுசு. மாதிரிக்குக் கிடைத்தவையோ ஏதோ சில பழைய படங்கள். பணமும் பழைய படங்களுக்கு ஆனதில் ஒரு பங்குதான். அதை வைத்துக்கொண்டு 13 படம் எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்தப் படங்களின் டைட்டிலை நிறுத்திப் பாருங்கள். ஸ்டெபான் கொனிசெக் அதில் ஸ்டீவன் ஆகியிருக்கிறார். வாட்ஸ்லாவ் லிட்ல் ‘விக்டர் லிட்டில்’ ஆகியிருக்கிறார். கம்யூனிஸ்ட் நாட்டில் எடுத்தது என்று அமெரிக்காவில் தெரியக்கூடாதாம். பழைய படங்களின் கடைசியில் வரும் ‘மேட் இன் ஹாலிவுட், யு.எஸ்.ஏ.’ என்ற வரியும் இதில் இல்லை, எடுத்த ஊரையே சொல்லவில்லை. பெயரைக்கூடச் சொந்தமாகப் போட்டுக்கொள்ள முடியாமல் வேலை செய்த ஆட்களைத்தான் நீங்கள் ஒரு வார்த்தையில் கடாசுகிறீர்கள், கே. படம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதில் வருகிற வழுக்கைத்தலை எஜமானன் முகம் சிவந்து பூனையைப் போட்டு அடிக்கும்போது எனக்கும் வயிற்றைப் பிசையும். மாமா அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெற்றிலை போடப் போய்விட்டார். ஆனால் போகும்போது குப்பை என்று சொல்லவில்லை. “பாவம், வேற ஊர்க்காரங்க” என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அசலைச் செய்தவர்களே செய்திருந்தால் சரியாக வந்திருக்கும் என்பீர்கள். வந்ததா? 1975-இல் ஹன்னாவும் பார்பெராவுமே தொலைக்காட்சிக்குச் செய்தார்கள். பூனையும் எலியும் சிநேகிதர்கள். ஜெர்ரி கழுத்தில் சிவப்பு போ டை. டிவியில் அடிதடி கூடாது என்ற கெடுபிடி வேறு. உங்கள் கவலைக்கேற்ற படம், தாராளமாகக் காட்டுங்கள். பிள்ளை தூங்கிவிடுவாள்.

பிராக்குக்குப் பிறகு வந்தவர் சக் ஜோன்ஸ். 1963 முதல் 67 வரை 34 படங்கள். அவர் மட்டும் தப்பித்ததற்குக் காரணம், வார்னர் பிரதர்ஸில் தன்னோடு இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்ததுதான். மாரிஸ் நோபிளின் பின்னணி ஓவியங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் டாமுக்குப் புருவம் தடித்துவிட்டது. அது வேறு செட், வேறு சுருதி. பூனைத் தோலுக்குள்ளிருந்து, ரோட் ரன்னர் பறவையைத் துரத்துகிற அவருடைய பழைய கயோட்டி ஓநாய்தான் எட்டிப்பார்க்கும்.

ஒருமுறை வசதியான வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு ‘பழைய மாதிரியே வேணும்’ என்று நாலு ஊரிலிருந்து நாலு பேரைச் சேர்த்து ஒரு செட் போட்டார்கள். மாமாவும் போனார். எல்லோரும் கைதேர்ந்தவர்கள். திரும்பி வந்தவர் தவிலை மூலையில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா காபி கொடுத்து, “எப்படிண்ணே இருந்தது?” என்றாள். “நாயனக்காரர் எங்க மூச்சு வாங்குவார்னே தெரியலம்மா. ராத்திரி பூரா அவர் வாயையே பாத்துக்கிட்டு வாசிச்சேன்” என்றார்.

2005-இல் பார்பெரா கடைசியாக ஒரு டாம் அண்ட் ஜெர்ரி குறும்படத்தில் வேலை செய்தார். அப்போது 94 வயது. ஹன்னா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. படம் மோசமில்லை. ஓட்டமும் சாட்டமும் இருக்கிறது. டாம் அடிபட்டு நிற்கும் இடங்களில் மட்டும் என் கை சும்மா கிடந்தது.

உங்கள் கேள்வியை மறந்தே போய்விட்டேன். எதைக் காட்டுவது? அவள் போனில் பார்ப்பதைப் பார்க்கட்டும், அதற்கு மேல் ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் முதலில் எடுத்துக் காட்டியது உங்கள் காலத்துப் படமும் அல்ல, உங்கள் பாட்டி காலத்துப் படம். டாம் பியானோ வாசிக்கிற படத்தைக் காட்டுங்கள், அவளுடைய கையைப் பாருங்கள். பிராக்கில் எடுத்ததையும் ஒருநாள் காட்டுங்கள், டைட்டிலில் நிறுத்தி அந்த இரண்டு பேரின் நிஜப் பெயரைச் சொல்லிவிட்டு.

ராத்திரியில் மட்டும் வேண்டாம்.