சுமாரான கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, 120-க்கும் 160-க்கும் நடுவில் கட்-ஆஃப் வைத்திருக்கும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் எழுதியவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

என் மகன் 412 மார்க் வாங்கியிருக்கிறான். நல்ல இன்ஜினியரிங் காலேஜ் ஒன்று சொல்லுங்கள்.

இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 412 என்பது 600-க்கு வாங்கிய மொத்தம். தமிழ்நாட்டின் இன்ஜினியரிங் கலந்தாய்வான டிஎன்இஏ பார்ப்பது 200-க்கான கட்-ஆஃபை: கணிதம் அப்படியே 100-க்கு, இயற்பியலிலும் வேதியியலிலும் வாங்கியதில் பாதி பாதி. தமிழிலும் ஆங்கிலத்திலும் 90, 90 வாங்கி 412 வந்திருந்தால் கட்-ஆஃப் படுத்துவிடும். கணிதத்தில் 90 வாங்கி வந்திருந்தால் கதையே வேறு. கட்-ஆஃப், வகுப்பு (பிசி, எம்பிசி போன்றவை), 6 முதல் 12 வரை படித்தது அரசுப் பள்ளியா, விடுதியில் தங்குவானா, குடும்பத்தில் முதல் பட்டதாரியா: இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். இவை இல்லாமல் வரும் கடிதத்துக்கு இனி பதில் எழுதப்போவதில்லை.

கட்-ஆஃப் 141, பிசி. போன வருடம் 139-க்குக் கிடைத்த கல்லூரி எனக்குக் கிடைக்குமா?

கட்-ஆஃபை ஒப்பிடாதீர்கள், தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். கணக்குத் தாள் எளிதாக வந்த வருடம் எல்லாருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும். உங்கள் 141 போன வருடத்து 135-க்குச் சமமாகவும் இருக்கலாம். போன வருடம் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், பிசி-யில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை எண் என்ன, இந்த வருடம் உங்கள் எண் என்ன என்று பாருங்கள். பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் பட்டியலில் போடலாம்.

இன்னொன்று: 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. பெரிய கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகியதால் அதற்கு முந்தைய வருடங்களின் கணக்கு அந்தப் பிரிவுக்கு இப்போது அவ்வளவாக உதவாது.

கிடைக்காத கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டால் வாய்ப்பு வீணாகுமா? 15 சாய்ஸ் போட்டிருக்கிறேன், போதுமா?

வீணாகாது. உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். இடம் காலியாக இருக்கும் முதல் சாய்ஸை ஒதுக்கும். மேலே இருப்பவை நிரம்பியிருந்தால் தாண்டிப்போகும், அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. எனவே ஆசைப்படும் வரிசையில் போடுங்கள், கிடைக்கும் என்று நினைக்கும் வரிசையில் அல்ல.

15 போதவே போதாது. தரவரிசைப்படி நடக்கும் கலந்தாய்வில் கடைசியாக வரும் மூன்றாம் சுற்றுக்காரர் குறைந்தது 80, முடிந்தால் 100 போட வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஆனால் கிடைத்தால் சேரமாட்டேன் என்று நினைக்கும் எதையும் பட்டியலில் வைக்காதீர்கள். 'அக்செப்ட் அண்ட் அப்வார்ட்' (கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே இருப்பதற்கும் காத்திருப்பது) கொடுத்தவர்கள் சிக்குவது இங்கேதான்: மேலே இருக்கும் ஒரு சாய்ஸ் காலியாகிக் கிடைத்துவிட்டால், கையில் இருந்த இடம் தானாகப் போய்விடும். பிறகு யாரிடம் கெஞ்சினாலும் திரும்பாது.

கல்லூரிப் பெயரைப் பார்த்து டிக் செய்யாமல் கவுன்சலிங் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே நிர்வாகத்தில், ஒன்றுபோலவே பெயர் வைத்த கல்லூரிகள் நிறைய இருக்கின்றன.

பிரௌசிங் சென்டர் அண்ணனே எல்லாம் போட்டுத் தருகிறேன் என்கிறார். ஓடிபி கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கல்லூரி ஊழியர் வீட்டுக்கே வந்து இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். உங்கள் பட்டியலின் உச்சியில் அவர்கள் கல்லூரி ஏறியிருக்கும். டிஎஃப்சி என்ற உதவி மையங்களில் காசு வாங்காமல் உதவுகிறார்கள், அங்கே போங்கள்.

ஒரு கல்லூரி விளம்பரத்தில் '95% பிளேஸ்மென்ட், அதிகபட்சச் சம்பளம் 24 லட்சம்' என்று இருக்கிறது. என் கட்-ஆஃபுக்கு (133) அங்கே கிடைக்கும். நம்பிச் சேரலாமா?

இந்த 95-ஐ நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கல்விக்கடன் வாங்குகின்றன. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், எத்தனை பேரில் 95 சதவீதம்? சேர்ந்த எல்லாரிலும் அல்ல. அரியர் இல்லாமல், 60 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்து, பிளேஸ்மென்ட் பிரிவில் பெயர் பதிந்தவர்களில் மட்டும். சுமாரான மார்க்கோடு உள்ளே போகும் மாணவர் முதலில் கழற்றிவிடப்படுவது இந்த வடிகட்டலில்தான். அடுத்து, ஆளை எண்ணாமல் ஆஃபரை எண்ணுவார்கள். ஒரே மாணவி நான்கு நிறுவனத்தில் தேறினால் அது நான்கு. வேலையில் சேரும் தேதியே வராத ஆஃபரும் கணக்கில் இருக்கும். பயிற்சிக் கட்டணம் கட்டினால் வேலை என்று சொல்லும் நிறுவனங்களும் இருக்கும். 24 லட்சம் என்பது ஒரே ஒரு ஆள். அவர் எந்த வருடத்தவர் என்பதுகூடப் போட்டிருக்காது.

சரி, உண்மையை எங்கே பார்ப்பது? மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், அதற்குக் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் போட்டிருக்க வேண்டும். தரவரிசையில் இடம் கிடைக்காவிட்டாலும் அந்த பிடிஎஃப் இருக்கும். அதில் நான்காண்டுப் படிப்புக்கான அட்டவணையைத் திறந்து ஒரே வரியில் இவற்றைப் படியுங்கள்: முதலாண்டு அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், நடுமட்டச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. இடங்கள் 480, சேர்ந்தவர்கள் 320, இரண்டாம் ஆண்டில் வந்தவர்கள் 30. ஆக 350. நான்கு வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் 210, வேலை கிடைத்தவர்கள் 175. கல்லூரி 175-ஐ 210-ஆல் வகுத்து 83 சதவீதம் என்று போடும். நீங்கள் 350-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பிள்ளை அந்த 350-இல் ஒருவர். வருவது 50. அதைவிடக் கவலைப்பட வேண்டியது, 140 பேர் நேரத்தோடு பட்டமே வாங்கவில்லை என்பது.

பிறகு நடுமட்டச் சம்பளத்தைப் பாருங்கள். வேலை பெற்றவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்று அர்த்தம். ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் பிடித்தம் போகக் கைக்கு 20,000 சொச்சம்தான் வரும். கடன் தவணையை அதோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிடிஎஃப் இல்லாத கல்லூரியில் நேரில் கேளுங்கள்: போன வருடம் முடித்தவர்களில், நீங்கள் சேரப்போகும் பிரிவில் மட்டும், எந்த நிறுவனத்துக்கு எத்தனை பேர்? தாளில் எழுதித் தரத் தயங்கினால் பட்டியலில் அந்தக் கல்லூரியைக் கீழே இறக்குங்கள்.

நாக் 'ஏ+' இருந்தால் போதுமா?

இரண்டு தரச் சான்றுகள் இருக்கின்றன. நாக், கல்லூரி முழுவதற்கும் தருவது. என்பிஏ ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. வாசலில் என்பிஏ பலகை இருந்தால் எந்தெந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு அது இருக்காது.

தேர்ச்சி விகிதத்தை வைத்து முடிவு செய்யலாமா?

தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்குள் ஒப்பிடலாம். எல்லாருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் அதே வினாத்தாள். தன்னாட்சிக் கல்லூரி தானே தாள் எடுத்துத் தானே திருத்துகிறது. அதன் 90 சதவீதத்தை இணைப்புக் கல்லூரியின் 60 சதவீதத்தோடு ஒப்பிட வழியே இல்லை.

புதிய தனியார் கல்லூரியில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் அல்லது அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல். எது?

இயந்திரங்கள் மேல் வெறுப்பு இல்லையென்றால் அரசுக் கல்லூரி. பர்கூர், போடிநாயக்கனூர், தர்மபுரி போன்ற இடங்களில் மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நன்றாகக் குறைந்த கட்-ஆஃபில் முடிகிறது. கட்டணமும் தனியாரை நெருங்காது. ஆரணி, பண்ருட்டி, அரியலூர், பட்டுக்கோட்டை, திருக்குவளை போன்ற அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகளையும் பட்டியலில் சேருங்கள். அங்கே நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. புதிய பிரிவில் முதல் பேட்ச் இன்னும் வெளியே வந்திருக்காது, விசாரிக்க ஒரு சீனியர்கூட இருக்கமாட்டார்.

+2-வில் 54% தான். ஐ.டி. நிறுவனங்கள் எடுக்குமா?

10, +2, பட்டம் மூன்றிலும் 60 கேட்கும் நிறுவனங்கள் எடுக்காது. பட்டத்தை மட்டும் பார்க்கும் நிறுவனங்கள் எடுக்கும். அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் 128. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 3 லட்சம் 'டொனேஷன்' கேட்கிறார்கள்.

அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் போன வருடம் மூன்றாம் சுற்றுக்குப் பிறகும் காலியாக இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால், கலந்தாய்வில் அரசின் கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணத்தில் கிடைக்கக்கூடிய இடத்துக்கு 3 லட்சம் கொடுக்கிறீர்கள். ரசீதில்லாமல் வாங்கும் அந்தப் பணத்தைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. முதல் பட்டதாரி சலுகையும் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வில் வருபவருக்குத்தான். மேனேஜ்மென்ட்டில் போனால் நான்கு வருடத்துக்கும் அவை போயின.

இன்ஜினியரிங் வேண்டாம், பி.எஸ்சி. போதும். தனியார் கல்லூரியில் கட்டணம் தாங்குமா?

பழைய உதவிபெறும் கல்லூரிகளைப் பாருங்கள். திருச்சி ஜமால் முகமது, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவற்றில் ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் உண்டு, சுயநிதிப் பிரிவும் உண்டு. சான்றிதழில் வித்தியாசம் இல்லை, கட்டணத்தில் பல மடங்கு வித்தியாசம். விண்ணப்பத்தில் எதில் டிக் செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு டிஎன்காசா தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

மே மாதமே ஒரு கல்லூரியில் பணம் கட்டி ஒரிஜினல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டோம். இப்போது கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. சான்றிதழ் தரமாட்டேன் என்கிறார்கள்.

ஒரிஜினலைப் பிடித்துவைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. வாயால் கேட்டுக்கொண்டிருக்காமல் இன்றே முதல்வர் பெயருக்கு விலகல் கடிதம் எழுதுங்கள். கட்டணத் தொகை, ரசீது எண், கொடுத்த சான்றிதழ்களின் பட்டியல் மூன்றும் அதில் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். ஒரு நகல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு, ஒன்று ஏஐசிடிஇ-க்கு. அதற்குள் ஒதுக்கீட்டு ஆணையோடு டிஎஃப்சி-க்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். சேரும் கெடு முடிந்தால் இடம் போய்விடும், ஆகவே நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.