கேள்வி பதில்: கம்ப்யூட்டரில் கேட்ட ஃப்ளூட் ஹாலில் எங்கே போனது?

கேள்வி: சார், சாம்பிள்களை (பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளை) வைத்து கம்ப்யூட்டரிலேயே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரு பீஸ் எழுதினேன். ஃப்ளூட்டில் வரும் மெலடி ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. நண்பர்களைச் சேர்த்து ஒரு ஹாலில் வாசித்துப் பார்த்தால் ஃப்ளூட் இருப்பதே தெரியவில்லை. ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களும் சேர்ந்திருக்கும் இசைத்தாளில்) ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு? (கோவை வாசகர்)

பதில்: வாசித்தவர் மேல் குறையில்லை. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் அந்த மெலடி நடு சி-யிலிருந்து ஐந்தாறு சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது, அதே ஸ்தாயியில் இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ எல்லாரும் நீளமாக வில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயி காற்று கலந்த மெல்லிய சத்தம். பலமாக ஊதினாலும் ஓரளவுக்கு மேல் ஏறாது, இன்னும் ஊதினால் மேல் ஆக்டேவுக்குத் தாவிவிடும். கம்ப்யூட்டரில் எப்படிக் கேட்டது என்றால், சாம்பிள் எடுத்தவர்கள் ஃப்ளூட்டைத் தனியாக, மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள், நீங்களும் ஃபேடரை, அதாவது வால்யூம் பட்டனை, கொஞ்சம் ஏற்றியிருப்பீர்கள். ஹாலில் ஃபேடர் கிடையாது. எந்த ஸ்தாயியில் எழுதினீர்கள், கூடவே யாரையெல்லாம் வாசிக்க வைத்தீர்கள் என்பதுதான் அங்கே வால்யூம்.

ஒவ்வொரு காற்று வாத்தியத்துக்கும் இந்தக் கணக்கு வேறு. ஃப்ளூட் மேலே போகப் போகப் பலமாகும், உச்சியில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையும் கிழித்துக்கொண்டு வரும். ஓபோ நேர் எதிர்: அடிச் சுரங்கள்தான் தடித்து, முரட்டுத்தனமாக வரும், அங்கே போய் 'மிக மென்மையாக' என்று எழுதினால் பாவம், வாசிப்பவர் திண்டாடுவார், மேலே போனால் ஒல்லியாகிவிடும். கிளாரினெட்டுக்குக் கீழே இருட்டான அழகு, மேல்பாதியில் சத்தமே இல்லாததுபோல் மெதுவாகத் தொடங்கி முழுப் பலம் வரை போகலாம், நடுவில் மட்டும் இரண்டு மூன்று சுரங்கள் வெளுத்திருக்கும். பஸூனின் உச்சி ஸ்தாயி ஒரு சிரமத்தோடு, விசித்திரமாக ஒலிக்கும். ஸ்ட்ராவின்ஸ்கி 1913-ல் 'வசந்தத்தின் சடங்கு' பாலேயை அந்த ஸ்தாயியில் தனி பஸூனை வைத்துத்தான் ஆரம்பித்தார்.

சரி, கீழ் ஸ்தாயி ஃப்ளூட்டின் நிறம்தான் வேண்டும் என்றால்? ரவேலின் 'பொலேரோ'வை (1928) ஸ்கோரோடு கேளுங்கள். மெலடியை முதலில் வாசிப்பது தனி ஃப்ளூட்தான், அதுவும் மேல் ஸ்தாயியில் இல்லை. ஆனால் கூட இருப்பது என்ன? மெதுவாக ஒரு ஸ்நேர் ட்ரம், விரலால் மீட்டும் வயோலாவும் செல்லோவும். வில் போட்டு நீட்டிப் பிடிக்கிற சத்தம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் கடைசி வரிசை வரை கேட்கிறது. உங்கள் பீஸிலும் முதலில் இதைச் செய்து பாருங்கள், ஸ்ட்ரிங்ஸை வில்லிலிருந்து விரலுக்கு மாற்றுங்கள், முடிந்தால் பாதிப் பேரை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஃப்ளூட்டை ஒரு ஆக்டேவ் ஏற்றுங்கள். கூட ஒரு கிளாரினெட்டைச் சேர்க்கலாமே என்று தோன்றும், சேர்த்தால் கேட்கும், ஆனால் அப்புறம் அது ஃப்ளூட்டும் இல்லை கிளாரினெட்டும் இல்லை, மூன்றாவதாக ஒரு நிறம். அதை விரும்பிச் செய்தால் நல்லது, பயத்தில் செய்யாதீர்கள்.

பிராஸ் (ட்ரம்பெட், ஹார்ன், ட்ரோம்போன் போன்ற பித்தளை வாத்தியங்கள்) பற்றியும் ஒரு வார்த்தை. ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதி, அவர் இறந்தபின் 1913-ல் வெளியான ஆர்க்கெஸ்ட்ரேஷன் பாடநூலில் ஒரு கணக்கு உண்டு: பலமாக வாசிக்கும் இடத்தில் ஒரு ட்ரம்பெட் அல்லது ட்ரோம்போன் இரண்டு ஹார்னுக்குச் சமம், ஒரு ஹார்ன் இரண்டு உட்விண்ட் வாத்தியங்களுக்கு (ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன்) சமம். அச்சு அசலாக நம்ப வேண்டாம், ஆனால் ட்ரம்பெட்டும் ஓபோவும் ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) அடுத்தடுத்த சுரம் பிடிக்கும்படி எழுதும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பியானோவில்தான் யோசிப்பேன். அதை அப்படியே ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஏன் காய்ந்துபோய்க் கேட்கிறது? (மதுரை வாசகர்)

பதில்: பெடல்தான் காரணம். பியானோவில் கால் அழுத்திப் பிடித்திருக்கிறது, ஆர்க்கெஸ்ட்ராவில் அந்த வேலையை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். இரண்டு ஹார்ன், அல்லது கிளாரினெட்டுகள், அல்லது வயோலா, சத்தமில்லாமல் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், திடீரென்று எல்லாம் ஈரமாகும். இடதுகை ஆர்பெஜியோவை (கார்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பதை) அப்படியே செல்லோவிடம் தள்ளாதீர்கள், பியானோவில் சுலபமாக வருகிற தாவல்கள் அங்கே கம்பி தாண்டும் சர்க்கஸாகிவிடும், இரண்டு வாத்தியங்களுக்குப் பங்கு போடுங்கள். இரண்டு கைகளுக்கு நடுவே பியானோ விட்டுவைக்கும் காலியிடத்தையும் நிரப்ப வேண்டும். அடியில் மட்டும் நெருக்கமாக அடுக்காதீர்கள், அங்கே ஆக்டேவ், ஐந்தாம் சுரம் என்று அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சேறு.

இதற்கு முஸோர்க்ஸ்கியின் 'ஓவியக் கண்காட்சி' போல ஒரு வாத்தியார் கிடைக்க மாட்டார். 1874-ல் பியானோவுக்கு எழுதியது, ரவேல் 1922-ல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். தொடக்கத்தில் பியானோ ஒற்றை வரியாக வாசிப்பதைத் தனி ட்ரம்பெட்டுக்குக் கொடுத்து, கார்டுகள் வரும்போது மற்ற பிராஸைச் சேர்க்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் ரவேல் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். காசு கொடுத்துப் படிக்கிற பல கோர்ஸ்களைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: தோடி ராகத்தை வைத்து ஒரு சிம்பொனிக் பீஸ் முயல்கிறேன். வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ரா வயலின்காரர்களிடம் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) கேட்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கேட்கலாம், ஆனால் பதினாறு பேரிடம் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். நம் வித்வான் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் தாங்கி, ச-ப-ச-ப என்று சுருதி கூட்டி வாசிக்கிறார், கருவியைத் தாங்கும் வேலை இடதுகைக்கு இல்லாததால் அது கம்பி நெடுக வழுக்க முடிகிறது. அவர்கள் தாடைக்கடியில் பிடித்து, ஜி-டி-ஏ-ஈ சுருதியில், ஒவ்வொரு சுரத்துக்கும் தனி விரல் என்று சின்ன வயதிலிருந்து பழகியவர்கள். அதோடு அவர்கள் தாளில் இருப்பதை வாசிப்பவர்கள். நம் சுரக் குறிப்பில் கமகம் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை, குருவிடம் கேட்டு வருவது. ஸட்ஜத்தை சி என்று வைத்துக்கொண்டு தோடி காந்தாரத்தை வெறும் ஈ-ஃப்ளாட்டாக எழுதினால், அவர்கள் அந்த ஈ-ஃப்ளாட்டை ஆடாமல் அசையாமல் அழகாகப் பிடிப்பார்கள், தோடி போய்விடும்.

அதனால் சுரத்தை எழுதாதீர்கள், அது போகிற பாதையை எழுதுங்கள். டி-ஃப்ளாட்டுக்கும் எஃபுக்கும் நடுவே அந்த அசைவு எந்த வேகத்தில், எத்தனை முறை என்று பதினாறாம் சுரங்களாக (ஒரு பீட்டில் நான்கு வரும் சின்னச் சுரங்களாக) பிரித்து, ஒரே வில்லுக்குள் வரும்படி ஸ்லர் என்ற வளைகோடு போட்டு, ஒரே விரல் என்று எண்ணும் குறித்து, முதல் வயலின் தலைவருக்குத் தனியாகக் கொடுங்கள். நீங்களே பாடிய ஒரு ஆடியோவையும் முன்கூட்டி அனுப்பிவிடுங்கள், நல்ல வாசிப்பாளர் அதைக் கேட்டே பாதியைப் பிடித்துவிடுவார். மற்ற ஸ்ட்ரிங்ஸுக்கு நேரான சுரங்கள் போதும். அந்த நேரத்தில் கீழே இருக்கும் கார்டில் காந்தாரத்தை வைக்காதீர்கள், மேலே அது ஆட, கீழே இது நிற்க, இரண்டும் மோதும். முழு வயலின் கூட்டமும் ராகத்தை வாசித்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் மோகனம், ஹம்சத்வனி மாதிரி நேராக நின்றாலும் முகம் மாறாத ராகத்துக்குப் போய்விட்டுத் திரும்புங்கள்.

கேள்வி: ஒரு படத்துக்காக புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஆன்லைனில் ரெக்கார்டிங். நேரம் மிகக் குறைவு. எதைச் சரிபார்க்க வேண்டும்? (சென்னை வாசகர்)

பதில்: ஸ்கோரைவிட ஒவ்வொருவருக்கும் போகிற தனித்தனி பார்ட்டைப் பாருங்கள். பி-ஃப்ளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும், எஃப் ஹார்ன் ஒரு ஃபிஃப்த் (ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம்) கீழே, டபுள் பாஸ் ஒரு ஆக்டேவ் கீழே, பிக்கோலோ ஒரு ஆக்டேவ் மேலே. சாஃப்ட்வேர் மாற்றிக் கொடுக்கும், ஆனாலும் அச்சிடும் முன் முதல் பாரையாவது (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் பகுதி) கண்ணால் பாருங்கள். எல்லா பாருக்கும் எண், பக்கம் புரட்டும் இடத்தில் வாசிப்பவருக்கு ஓய்வு, மியூட் (சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவி) போடவும் எடுக்கவும் சில நொடிகள், விரலிலிருந்து வில்லுக்கு மாற ஒரு மூச்சு. ஊதுகிறவர்களுக்கும் மூச்சு வேண்டும், சாம்பிளுக்கு அது தேவைப்படாததால் நாம் மறந்துவிடுகிறோம். ஓபோவில் காற்று மிகக் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும், மீதி நெஞ்சிலேயே தங்கிவிடும், அதை வெளியே விட்டு மறுபடி இழுக்க அவருக்கு இடைவெளி எழுதியே தர வேண்டும். ஹார்ன்காரர்களை முதல் அரை மணி நேரத்திலேயே உச்சி சுரங்களில் நிறுத்தாதீர்கள், உதடு களைத்துவிட்டால் அன்றைக்குத் திரும்பாது. கஷ்டமான பிராஸ் இடங்களுக்கு நடுவே ஸ்ட்ரிங்ஸ் மட்டும் வாசிக்கும் க்யூக்களை (படத்தின் தனித்தனி இசைத் துண்டுகளை) போட்டு வரிசையை அமைத்து, அந்த வரிசையை முதல் நாளே கண்டக்டருக்கு அனுப்பிவிடுங்கள்.