பழ ஈயின் இணைநாடும் நடத்தையை மரபணுக்கள் எவ்வாறு வடிவமைக்கின்றன?

பிறந்தது முதல் தனியே வளர்க்கப்பட்ட ஆண் பழ ஈகூட, முதன்முதலாகப் பெண் ஈயைக் கண்டதும் முறையாக இணைநாடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அது பெண்ணின் பின்னே சென்று, முன்னங்காலால் அதன் உடலைத் தட்டிச் சுவையறிந்து, ஒரு சிறகை மட்டும் பக்கவாட்டில் விரித்து அதிரவைத்துப் பாடும். இந்த வரிசையை அதற்கு யாரும் கற்றுத்தருவதில்லை.

இதற்கு அடித்தளமிடுவதில் முதன்மையானது ‘ஃப்ரூட்லெஸ்’ என்னும் மரபணு. இரு பாலிலும் இருக்கும் இதன் ஆர்.என்.ஏ. (புரதத்தை உருவாக்க மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) ஆணில் ஒரு விதமாகவும் பெண்ணில் வேறு விதமாகவும் வெட்டி ஒட்டப்படுவதால், ஆணுக்கே உரிய புரதம் ஆண் ஈயில் மட்டும் உருவாகி, ஏறத்தாழ 2,000 நரம்பணுக்களின் வளர்ச்சியையும் இணைப்புகளையும் மாற்றியமைக்கிறது. 2005-இல் வெளியான ஆய்வொன்றில், ஆணுக்குரிய வெட்டுமுறையைப் பெண் ஈக்களில் புகுத்தியபோது, அவை மற்றப் பெண் ஈக்களைத் துரத்திச் சிறகு விரித்தன. தோற்றத்தில் பெண்ணாகவே இருந்த ஈயின் நடத்தை ஒரே மரபணுவின் மாற்றத்தால் இப்படித் திரும்பியது, என் பார்வையில், நடத்தை மரபியல் தந்த மிக அழகான சான்றுகளுள் ஒன்று.

ஆயினும் அந்த மரபணு தனித்து இயங்குவதில்லை. ‘டபுள்செக்ஸ்’ மரபணுவும் இந்த நரம்பு வலையை வடிவமைக்கிறது. உடலின் நாட்கடிகாரத்தை இயக்கும் ‘பீரியட்’ மரபணு, பாட்டின் தாளத்தையும் பாதிப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அனுபவத்துக்கும் இடமுண்டு. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண்ணால் மறுக்கப்பட்ட ஆண், பின்னர் சிறிது காலம் இணைநாடும் முனைப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஃப்ரூட்லெஸ்ஸின் ஆண்வகைப் புரதமே இல்லாத, தனிமையில் வளர்ந்தால் இணைநாடாத ஆண்கள்கூட, மற்ற ஈக்களோடு கூட்டமாக வளர்க்கப்பட்டால் அந்நடத்தையைப் பெறுகின்றன.